மழை வரும்னு சொல்லியாச்சு, நெல்லை எடுக்கப்போவது யார்?



இந்தப் பிரசுரம் உங்கள் கைக்கு வந்து சேரும்போது புரட்டாசி முடியும் தறுவாயில் இருக்கும். குறுவையில் பாதி அறுத்திருக்கும், பாதி தலை சாய்ந்து நிற்கும். சம்பாவுக்குச் சிலர் நாற்று விட்டிருப்பீர்கள், சிலர் நட்டு முடித்திருப்பீர்கள். கடைமடையில் நேரடி விதைப்பு செய்தவர்கள் முளைப்பு சரியாக வந்திருக்கா என்று வரப்பில் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இந்த நேரத்தில்தான் டி.வி.யைப் போட்டால் வங்கக் கடலும் வட்டம் வட்டமான படமும் வருகிறது. "அடுத்த சில நாட்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கான சூழல்" என்கிறார்கள். கேட்டதும் நமக்கு இரண்டு எண்ணம் ஒரே நேரத்தில் வருகிறது. மழை வேணும். ஆனா இந்த வாரம் வேணாம்.

இது பேராசை இல்லை, டெல்டாவில் பயிர் வைக்கிறவனின் கணக்கு. தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. சராசரியாக 44 சென்டிமீட்டர். அது இல்லாவிட்டால் சம்பா இல்லை, ஏரி குளம் இல்லை, மாட்டுக்குத் தண்ணி இல்லை. ஆனால் அந்த மழை தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20 வாக்கில். 2024ல் அக்டோபர் 15, 2025ல் அக்டோபர் 16 என்று சில நாள் முன்னதாகவே வந்துவிட்டது. அதாவது குறுவை நெல் களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் நடுவே கிடக்கிற அதே நாட்கள். ஆண்டுதோறும் இது நடக்கிறது. ஆண்டுதோறும் "எதிர்பாராத மழை" என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். நூறு வருஷமாக ஐப்பசியில் பெய்கிற மழை எப்படி எதிர்பாராத மழையாகும்?

வரும் வாரத்துக்கான வானிலை அறிக்கையை எப்படிப் படிப்பது என்று முதலில் பார்ப்போம். ஏனென்றால் அறிக்கையில் இருக்கிற சொற்களுக்கு நாம் நினைக்கிற அர்த்தம் வேறு, அவர்கள் வைத்திருக்கிற அர்த்தம் வேறு.

"ஓரிரு இடங்களில் கனமழை" என்று வாசிப்பார்கள். நம்மாள் "ஓரிரு இடம்தானே, நம்ம ஊருக்கு வராது" என்று நெல்லைக் களத்திலேயே விட்டுவிட்டு வந்து படுப்பார். ஓரிரு இடம் என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால்பங்கு இடத்தில் பெய்யலாம் என்று பொருள். அந்தக் கால்பங்கில் உங்கள் ஊரும் இருக்கலாம். கனமழை என்றால் காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் எட்டரை மணி வரை 7 முதல் 11 சென்டிமீட்டர். மிக கனமழை 12 முதல் 20. அதற்கு மேலே 20ஐத் தாண்டிவிட்டால் எல்லாமே அதி கனமழைதான், அதற்கு உச்சவரம்பே கிடையாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதுவும் அதி கனமழை, 22 சென்டிமீட்டர் பெய்தாலும் அதி கனமழை. ஆகவே அந்தச் சொல் காதில் விழுந்தால் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

சென்டிமீட்டர் கணக்கு நமக்குப் பழக்கமில்லை. இப்படிப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். 12 சென்டிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 4 லட்சத்து 85 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணி லாரி 40 லாரியை உங்கள் ஒரு ஏக்கரில் கொண்டுவந்து கவிழ்த்த மாதிரி. அது வெளியே போவதற்கு உங்கள் வயலில் ஒரு மடை, அதற்குக் கீழே ஒரு வடிகால். அந்த வடிகாலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்கு. இந்தக் கடைசி வார்த்தையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஏழு நாள் அறிக்கை வந்தால் ஏழு நாளையும் ஒரே மாதிரி நம்பக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் சொல்வதை வைத்து அறுவடை வண்டிக்குச் சொல்லலாம், உரம் போடுவதைத் தள்ளி வைக்கலாம். நாலாவது, ஐந்தாவது நாள் என்பது பாதி நம்பிக்கை, தினமும் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்கு மேலே போனால் மழை அதிகமா குறைச்சலா என்கிற போக்கு மட்டும்தான். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. வியாழக்கிழமை அடுத்த சில வாரங்களின் போக்கு வருகிறது. செல்போன் வைத்திருக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 'மேகதூத்' செயலியைத் தமிழிலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள். மின்னலுக்கு 'தாமினி' என்று ஒன்று இருக்கிறது, மாநில அரசின் 'டிஎன் அலர்ட்' இருக்கிறது. சினிமா பார்க்கிற போனில் இதுவும் இருக்கட்டும்.

இன்னொன்று. புரட்டாசி மழை வேறு, ஐப்பசி மழை வேறு. இது நம் பாட்டன்மாருக்குத் தெரியும், வானிலைக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். புரட்டாசியில் பகலெல்லாம் சுள்ளென்று வெயில் அடித்து, சாயங்காலம் மேற்கே கருத்து, இடியும் காற்றுமாக வந்து ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போகும். பக்கத்து ஊரில் சொட்டுகூட விழாது. அந்த மழைக்கு உச்சிவேளைக்கு முன்னால் அறுப்பை முடித்துவிடுவதும், மூன்று மணிக்குள் களத்தை மூடுவதும் வழி. காற்று கிழக்கே திரும்பிவிட்டால் கதை மாறும். கடலில் இருந்து ராத்திரியும் விடியற்காலையும் வந்து பெய்யும், விட்டு விட்டு நாள் கணக்கில் நிற்கும். அப்போது பகல் வெளிச்சத்தை நம்பி நெல்லைக் கொட்டி வைப்பது ஆகாது. வரும் வாரத்தில் காற்று எந்தப் பக்கம் என்று அறிக்கையில் பாருங்கள். அறிக்கை கிடைக்காவிட்டால் வெளியே வந்து நில்லுங்கள், காற்றே சொல்லும்.

இடி மின்னல் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசில்லை. 2025ல் பருவமழை தொடங்கிய அதே அக்டோபர் 16ஆம் தேதி கடலூர் மாவட்டம் வேப்பூர் பக்கத்தில் மக்காச்சோளக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நான்கு பேர் மின்னல் தாக்கிச் செத்துப்போனார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிற பெண்களைக் கூப்பிடுகிறவர்கள் நாம். மின்னலைப் பார்த்து முப்பது எண்ணுவதற்குள் இடிச் சத்தம் கேட்டால் வேலையை நிறுத்தி வீட்டுக்குள்ளோ, மூடின வண்டிக்குள்ளோ அனுப்ப வேண்டும். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப இறங்க வேண்டும். "இன்னும் ரெண்டு பாத்திதானே, முடிச்சுட்டுப் போயிடலாம்" என்று சொல்லாதீர்கள். அந்த நாளுக்கான கூலியையும் பிடிக்காதீர்கள்.

வானிலைக்காரர் சொன்னது பொய்த்துப்போனது என்று திட்டுவதும் நம்மிடம் வழக்கமாகிவிட்டது. 2024 அக்டோபரில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள், அந்தத் தாழ்வு மண்டலம் வடக்கே ஒதுங்கிக் கரை கடந்தது, மறுநாள் வெயில் அடித்தது, ஊரே சிரித்தது. அதே வருஷம் நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். அப்போது யாரும் சிரிக்கவில்லை. கணிப்பு இரண்டு பக்கமும் தப்பும். ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு முன் ரேடியோவில் மொத்தத் தமிழ்நாட்டுக்கும் சேர்த்து ஒரு வரி சொன்ன காலத்தோடு ஒப்பிட்டால் இன்று எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. காரைக்காலில் ரேடார் இருக்கிறது. 2024 அக்டோபரில் பஞ்சாயத்து அளவிலேயே முன்னறிவிப்பு தருவதாக மத்திய அரசு தொடங்கி வைத்தது. 2025 மே மாதம் ஆறு கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு கணிப்பு தரும் புது முறையைக் கொண்டுவந்தார்கள். நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால் அதே மத்திய அரசுதான், வேளாண் அறிவியல் நிலையங்களில் 2018க்குப் பிறகு ஏற்படுத்திய 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை 2024ல் மூடச் சொல்லி உத்தரவு போட்டது. கம்ப்யூட்டர் சொல்லும் கணிப்பை எடுத்து, "நம் வட்டாரத்தில் இப்போது நெல் பால் பிடிக்கிற பருவம், இரண்டு நாள் மருந்து அடிக்காதே" என்று நம் பாஷையில் மாற்றிக் கொடுத்தவர்கள் அங்கே இருந்தவர்கள்தான். ஆறு கிலோமீட்டருக்குக் கணிக்கிற மெஷின் வந்த நேரத்தில், அதைப் படித்துச் சொல்கிற ஆளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இது என்ன கணக்கோ.

சரி, கணிப்பு வந்துவிட்டது. சரியாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விவசாயி என்ன செய்வான்?

நம் சங்கத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர். மூணு மா சொந்த நிலம், ஆறு மா குத்தகை. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம், இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு இது தன் கதையாகத்தான் இருக்கும். போன ஐப்பசிக்கு முந்தின வாரம் மஞ்சள் எச்சரிக்கை வந்த அன்றே பெல்ட் வண்டி பிடித்து, டயர் வண்டியைவிட வாடகை அதிகம் என்று தெரிந்தும், அறுத்துவிட்டார். அறிக்கையை மதித்தவர் அவர். மறுநாளே நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டினார். அங்கே ஏற்கெனவே நாற்பது பேர் குவியல். சாக்கு இல்லை என்று இரண்டு நாள், லாரி வரவில்லை என்று மூன்று நாள். ஆறாம் நாள் ராத்திரி மழை. தன் வேட்டியைக்கூட அவிழ்த்து மூடினார் என்று அவர் மருமகள் சொல்கிறாள். எட்டாம் நாள் அவர் முறை வந்தது.

"தம்பி, ஈரம் எவ்வளவு காட்டுது?"

"பத்தொன்பதரை, பெரியப்பா. பதினேழுக்கு மேல எடுக்க முடியாது. வெயில் வந்தா காயவெச்சு எடுத்துட்டு வாங்க."

"வெயிலை எந்த ஆபீசுல போயி வாங்குறது, தம்பி?"

அந்தத் தம்பியும் கூலிக்கு நிற்கிற பருவகாலப் பணியாள்தான். அவரைத் திட்டி என்ன பயன்? நெல் முளைவிட்டது. வியாபாரி வந்து கேட்ட விலைக்கு அள்ளிக் கொடுத்தார். 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. நாற்பது கிலோ மூட்டைக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. அந்த விலை சுவரொட்டியில் இருந்தது, பெரியவர் கையில் இல்லை. குத்தகைக்காரருக்கு மட்டும் பேசின நெல்லை முழுசாக அளந்து கொடுத்தார்.

இங்கேதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. மழை வரப்போகிறது என்று அரசாங்கத்தின் ஒரு கை சொல்கிறது. நெல்லை வாங்க வேண்டிய இன்னொரு கை அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்வதில்லை. அறிக்கையைக் கேட்டு விவசாயி வேலையை முடித்துவிட்டான். வண்டி பிடித்தான், கடன் வாங்கினான், ராத்திரி முழித்தான். சிவப்பு எச்சரிக்கைக்கு "நடவடிக்கையில் இறங்கு" என்று அர்த்தம் என்றேனே, அந்த உத்தரவு விவசாயிக்கு மட்டும்தானா? கொள்முதல் நிலையத்துக்கு இல்லையா? லாரி ஒப்பந்தக்காரருக்கு இல்லையா? வடிகால் பார்க்கிற நீர்வளத் துறைக்கு இல்லையா?

2025 அக்டோபரில் டெல்டா முழுக்க நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மேட்டூர் ஜூன் 12ஆம் தேதியே திறந்தது, குறுவை நன்றாக விளைந்தது. விளைந்ததே குற்றம் என்பதுபோல மூட்டைகள் நிலையங்களில் தேங்கின, சாலை ஓரமெல்லாம் நெல், மழையில் முளைத்தது. செறிவூட்டப்பட்ட அரிசி கலக்க அனுமதி தாமதம் என்று மாநில அரசு சொன்னது. மத்தியில் இருப்பவர்கள் மாநிலத்தின் ஏற்பாடு போதாது என்றார்கள். ஈரப்பத வரம்பை 17 சதத்திலிருந்து 22 ஆக உயர்த்துங்கள் என்று மாநில அரசு கேட்டது, டில்லியிலிருந்து குழுக்கள் வந்து நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போயின, கடைசியில் அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. 2022ல் 19 சதம் வரையும், 2023 பிப்ரவரியில் 20 சதம் வரையும் விட்டுக்கொடுத்தவர்கள்தான் இவர்கள்.

நியாயத்தையும் பேசுவோம். ஈர நெல்லைக் கோடவுனில் அடுக்கினால் புழுங்கிக் கெட்டுப்போகும், அரவையில் நொறுங்கும். அதனால் வரம்பு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பத்தொன்பதரை ஈரத்தில் இருக்கிற நூறு கிலோ நெல் பதினேழுக்கு வரும்போது மூன்று கிலோதான் குறையும். இருபத்திரண்டு ஈரம் என்றால் ஆறு கிலோ. அந்த மூன்று கிலோவை, ஆறு கிலோவை எடையில் கழித்துக்கொண்டு நெல்லை எடுத்து உலர்த்தி இயந்திரத்தில் போட்டுக் காயவைப்பது அரசாங்கத்தால் ஆகுமா, மூணு மா வைத்திருக்கிற கிழவரால் ஆகுமா? நூறு கிலோவையும் "திருப்பி எடுத்துட்டுப் போ" என்பது எந்தச் சட்டம்? அதுவும் குழு வந்து, பார்த்து, அறிக்கை எழுதி, கோப்பு நகர்ந்து உத்தரவு வருவதற்குள் நெல் நாற்றாகிவிடுகிறது.

ஆகவே நம் கோரிக்கை எளிமையானது. மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் அந்த மாவட்டத்தின் எல்லாக் கொள்முதல் நிலையத்திலும் வாசலில் இருக்கிற நெல் முழுவதையும் எடை போட்டு ரசீது கொடுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை மூட்டைதான் என்கிற கணக்கு அன்றைக்குச் செல்லாது. ரசீது கையில் வந்தபின் நனைந்தால் அது அரசாங்கத்தின் நெல், அவர்கள் பாடு. நிலையத்துக்கு இத்தனை தார்ப்பாய் என்று புரட்டாசி பிறக்கும்போதே இருப்பு காட்ட வேண்டும், பலகையில் எழுதிப் போட வேண்டும். வட்டத்துக்கு நடமாடும் உலர்த்தி இயந்திரம் வேண்டும். எச்சரிக்கை வந்த நாட்களுக்கு ஈரப்பதத் தளர்வு தானாகவே அமலுக்கு வர வேண்டும், ஒவ்வொரு முறையும் டில்லிக்கு மனு போட்டுக்கொண்டிருக்க முடியாது. வாசலில் நெல் காத்துக் கிடக்கிற வரைக்கும், மழைக்கு முந்தின நாள் இரவிலும் நிலையம் திறந்திருக்க வேண்டும்.

அறிக்கையும் ஊருக்குள் வர வேண்டும். ஸ்மார்ட் போன் இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் வருகிற அறிக்கையை ஊராட்சி அலுவலகத்திலும், கூட்டுறவு சங்கத்திலும், பால் சொசைட்டியிலும் பெரிய எழுத்தில் ஒட்ட ஒரு ஆளுக்குப் பொறுப்பு கொடுக்கட்டும். கோயில் மைக்கும் பள்ளிவாசல் மைக்கும் ஊருக்கு எதையெதையோ சொல்கின்றன, இதையும் சொல்லட்டுமே. வட்டார அளவில் பயிர்ப் பருவம் பார்த்து அறிவுரை எழுத நிரந்தர ஆட்கள் வேண்டும்.

வடிகால் பற்றித் தனியாகவே ஒரு பிரசுரம் போடலாம். கீழ்வேளூர், தலைஞாயிறு, வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கத்துச் சொந்தங்களுக்குத் தெரியும். அமாவாசை, பௌர்ணமிக் கடலேற்றத்தில் முகத்துவாரத்தில் தண்ணி உள்ளேதான் தள்ளும், வெளியே போகாது. அந்தச் சில நாள் தண்ணியைத் தாங்குகிற அளவுக்காவது அடப்பாறும் அரிச்சந்திரா நதியும் சுத்தமாக இருக்க வேண்டும். தூர்வாருகிற பணத்தைச் சித்திரை, வைகாசியில் செலவழித்து, கரையோரம் மட்டும் சுரண்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். செடி புரட்டாசிக்குள் திரும்ப மண்டிவிடுகிறது. இரண்டாவது முறை, ஐப்பசிக்கு முன்னால், காட்டாமணக்கு எடுக்கத் தனியாக நிதி வேண்டும். இந்த வாரம் உங்கள் ஊர் கன்னி வாய்க்காலை நீங்களே ஒரு நாள் கூடி வெட்டிவிடுங்கள், அது நம் வேலை. பெரிய வடிகால் அவர்கள் வேலை.

வயலில் செய்ய வேண்டியது கொஞ்சம். முன்னறிவிப்பில் இரண்டு நாளுக்குள் மழை இருந்தால் யூரியா வீசாதீர்கள், காசு வாய்க்காலில் போகும். நாற்றங்காலுக்கு வடி வைத்துவிடுங்கள். நட்ட பயிர் மூழ்கி வெளுத்துப்போனால், தண்ணி வடிந்தபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவோடு 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடச் சொல்கிறது வேளாண்மைத் துறை. தண்ணி நிற்கும்போது போட்டுவிடாதீர்கள். இன்னும் விதை வாங்காத பள்ளக்கால் நிலத்துக்காரர்கள் சி.ஆர். 1009 சப்-1 கிடைக்கிறதா என்று கேளுங்கள், மூழ்கிக் கிடப்பதைத் தாங்குகிற ரகம்.

இன்சூரன்சுக்கு வருவோம். சம்பாவுக்குப் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்காராதீர்கள், புயல் கடலில் கிளம்பின பிறகு பொதுச் சேவை மையத்தில் கம்ப்யூட்டர் நகராது. குத்தகைக்காரர்கள் அடங்கலுக்கு இப்போதே கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பாருங்கள். வயலில் தண்ணி நின்று அழுகுவதைத் தனி நபர் இழப்பாகக் கணக்கிடும் விதியை நெல்லுக்கு 2018ல் எடுத்துவிட்டார்கள். ஏழு வருஷம் கழித்து, 2025 நவம்பரில், 2026 காரீப் பருவத்திலிருந்து திரும்பச் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. மூழ்கின 72 மணி நேரத்துக்குள் படம் எடுத்துத் தெரிவிக்க வேண்டும். நம் மாவட்டத்துக்கான அறிவிக்கையில் அந்த ஷரத்து எழுத்தில் இருக்கிறதா என்று வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள். வாயால் "இருக்குங்க" என்றால் போதாது, தாளைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி மூழ்கி, மூன்று நாள் கரண்ட் இல்லாமல், போனில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிற ஊருக்கு 72 மணி நேரம் எப்படிப் போதும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த மாதக் குறைதீர் நாள் கூட்டத்துக்கு நம் சங்கம் மொத்தமாகப் போகிறது. தனித்தனி மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வருகிற கதை இந்த முறை இல்லை. எச்சரிக்கை வந்தால் எந்த நிலையத்தில் எந்த அதிகாரி, எத்தனை லாரி, எத்தனை தார்ப்பாய் என்று மாவட்ட நிர்வாகம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற வரைக்கும் கூட்ட அரங்கை விட்டு எழுந்து வருவதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பெண்களும் வர வேண்டும், களத்தில் நெல்லை மூடி மூடித் திறந்தவர்கள் அவர்கள்தான்.

வரும்போது மூன்று பொருள் கொண்டுவாருங்கள். அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை வானிலை அறிக்கையின் நகல் ஒன்று, ஊர்க் கிளைச் செயலாளரிடம் கிடைக்கும். உங்கள் நெல் எந்தத் தேதியில் நிலையத்துக்குப் போனது, எந்தத் தேதியில் எடை போட்டார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு. முளைத்துப்போன நெல் வீட்டில் இருந்தால் ஒரு பிடி, பாலிதீன் பையில். காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஆட்சியர் அலுவலக வாசலில் இருக்க வேண்டும், முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.